என் ரிப்போர்ட் அவர் போனுக்குப் போனது

வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அந்த ரிப்போர்ட் வந்தது. நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கணவரின் வாட்ஸப்பில் அது இன்னும் இருக்கிறது. பின்னால் நானே எடுத்துப் பார்த்தேன். பத்து நாற்பதுக்கு நான் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குத் தனிம வரிசை அட்டவணை நடத்திக்கொண்டிருந்தேன். என் கருப்பைவாயில் எடுத்த மாதிரியின் முடிவு, என் பெயர், வயது நாற்பத்தாறு என்றெல்லாம் சரியாக அச்சாகி, நாமக்கல்லுக்கு வெளியே எங்கள் கோழிப்பண்ணையில், முட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு லாரியின் பக்கத்தில் போய் இறங்கியது.

அதற்குக் காரணம் நான்தான். எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்காக ஒரு முகாம் நடந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய் வருமுன் கண்டுபிடிக்கும் பரிசோதனை, முப்பது வயது தாண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாங்கள் ஆறு பேர் போனோம். படிவத்தில் கைபேசி எண் என்று இருந்த கட்டத்தில் யோசிக்காமல் அவருடைய எண்ணை எழுதினேன். என் எண்ணும் எனக்கு மனப்பாடம்தான். ஆனால் கேஸ் பதிவு செய்ய, ரேஷன் கார்டுக்கு, மகளின் ஹாஸ்டலுக்கு, துணிக்கடையில் பில் போடுகிற பெண் கேட்டால்கூட, இருபது வருஷமாக என் கை எழுதுவது அவர் எண்ணைத்தான். என்னோடு வந்த ஐந்து பேரில் நான்கு பேரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். எல்லோரும் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். நான் அறிவியல் ஆசிரியை வேறு.

அவர் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. 'பாசிட்டிவ்' என்ற சொல் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. உடனே எனக்குக் கூப்பிட்டிருக்கலாம். முகாம் நடத்தியவர்களின் எண் அடியிலேயே இருந்தது, அங்கே கேட்டிருக்கலாம். அவர் அதைத் தன் அக்கா மகனுக்கு அனுப்பினார். அவன் ராசிபுரம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறான், முப்பது வயது, எங்கள் குடும்பத்தில் தலைவலியிலிருந்து மாரடைப்பு வரை முதலில் அவனிடம்தான் போகும். ஐந்து நிமிஷத்தில் அவன் குரல்பதிவு அனுப்பினான். அவர் கையெல்லாம் தீவனத் தூள். போனை மேஜைமேல் வைத்து ஒரு விரலால் தொட்டு, சத்தமாகவே கேட்டார்.

அதையும் நான் பின்னால் கேட்டேன். "மாமா, இது ஹெச்.பி.வி.ன்னு ஒரு வைரஸுங்க. அத்தைக்குப் பாசிட்டிவ்னு போட்டிருக்குது. புருசன் பொண்டாட்டி சேர்றதுல பரவற சமாச்சாரமுங்க. விட்டா கேன்சர்ல கொண்டு போயி விட்டுருமாட்ட இருக்குது. எதுக்கும் அத்தைகிட்ட சித்தெ விசாரிச்சுக்கோங்க மாமா."

விசாரிச்சுக்கோங்க. டாக்டரிடம் கூட்டிப் போங்க என்று அவன் வாயில் வரவில்லை. பண்ணை மேற்பார்வையாளர் அங்கே நின்றிருந்தார். அட்டையில் முட்டை அடுக்குகிற இரண்டு பேர் நின்றிருந்தார்கள். லாரி டிரைவர் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது, இருந்திருப்பார். மத்தியானத்துக்குள் நங்கையாவுக்குத் தெரிந்துவிட்டது. என் கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். மருந்துக்கடைக்காரனின் அம்மா அவர். அந்த உடம்புக்குச் சொந்தக்காரி நான் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது, தெரிந்தவர்கள் வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ ஆள்.

நங்கையா பஸ் ஏறி வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் யாராவது செத்துப்போய்விட்டார்களோ என்று நினைத்தேன். முதலில் மகள் ஞாபகம்தான் வந்தது.

"பாப்பாவுக்கு என்னங்க?" என்றேன்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லை," என்றார் நங்கையா. "உனக்குத்தான் என்னமோ வந்திருக்குதாமா. நல்லா இருக்கறவ யாராச்சும் தானா போயி டெஸ்ட்டுக்குப் படுப்பாளா அம்மிணி? உனக்கே ஏதோ சந்தேகம் இருந்திருக்குது, அதான் போயிருக்கறே."

என் கணவர் தன் போனை என் கையில் கொடுத்தார். படித்தேன். அதிக ஆபத்துள்ள வகை வைரஸ் உள்ளது என்று இருந்தது. அதற்குக் கீழே, கருப்பைவாயைக் கருவி வைத்துப் பார்க்கும் அடுத்த பரிசோதனைக்கு மகப்பேறு மருத்துவரை அணுகவும் என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை அதுவரை யாருமே படித்திருக்கவில்லை.

"எப்படி வந்துச்சு?" என்றார் அவர்.

"தெரியலைங்க."

"தெரியலைன்னா?"

இந்தக் கேள்வியில் எத்தனை கேள்வி இருந்தது என்று எனக்குப் புரிந்தது. நங்கையாவுக்கும் புரிந்தது. "என்ற தம்பி மேல ஒரு சொல்லு வரக்கூடாது, ஆமா," என்றார். யாரும் அவர் தம்பிமேல் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்கும் அந்த நினைப்பு வந்தது, மறைக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஆறு வருஷம் அவர் பண்ணை முட்டை லாரியோடு கேரளாவுக்குப் போய்வந்தவர். அந்த ஆறு வருஷத்தையும் நான் மனதுக்குள் உட்கார்ந்து விசாரித்தேன். அவர்கள் என்னை விசாரித்தார்கள், நான் அவரை விசாரித்தேன். டாக்டரிடம் நாள் குறிக்க வேண்டும் என்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

மறுநாள் பள்ளியில் இடைவேளையில் கழிப்பறைக்குள் நின்று, என்னோடு பரிசோதனை எடுத்தவர்களில் ஒருவரின் உதவியோடு சேலத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் நாள் வாங்கினேன். புதன்கிழமை பதினோரு மணி. என் எண்ணைக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே மருந்து வாடை. எங்கள் பண்ணையில் எந்த ஷெட்டிலாவது நோய்ச் சந்தேகம் வந்தால் என்ன செய்வோமோ அதை அவர் வீட்டில் செய்திருந்தார். குளியலறைத் தரையில் பண்ணைக்குத் தெளிக்கிற கிருமிநாசினி. கதவுக்கு வெளியே ஒரு கோடாகச் சுண்ணாம்புத் தூள். என் வாளி, என் குவளை, என் துண்டு மூன்றையும் தனியாக மூலையில் வைத்து, வாளியின் காதில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. நோய்ப்பட்ட ஷெட்டின் தீவன வாளிக்கு அப்படித்தான் கயிறு கட்டுவோம், இன்னொரு ஷெட்டுக்குப் போய்விடக் கூடாது என்று.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிக ஆத்திரமாக இருந்தது. பொறுப்பாகச் செய்திருந்தார். முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, அளந்து, தூள் கோணாமல் போட்டிருந்தார். இருபத்தைந்து வருஷம் பண்ணை நடத்தியவரின் கை.

"என்னங்க இது?"

"புள்ளை நாளைக்கு வருதல்ல. அதுக்குத்தான்."

மகள் ஒன்பதாம் வகுப்பு. நாமக்கல்லிலேயே ஹாஸ்டல் பள்ளி, மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு விடுவார்கள். அந்தச் சனிக்கிழமைக்காக நான் மாதம் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பேன். இரவு சாப்பாட்டுக்கு முன் நங்கையா போன் செய்து அதையும் முடித்துவிட்டார். "இந்த மாசம் புள்ளைய ஊட்டுக்குக் கூட்டியாற வேண்டாம் சாமி. ஒரே ஊடு, ஒரே கக்கூசு. ஒட்டிக்கிட்டா என்ன பண்றது? பொட்டப்புள்ளை. நாளைக்கு ஒருத்தன் ஊட்டுக்குப் போகணுமல்ல."

அவர், சரிங்கக்கா, என்றார்.

வாளியால் ஒட்டாது, துண்டால் ஒட்டாது, சாதம் பிசைந்து ஊட்டினால் ஒட்டாது என்று நான் சொன்னேன். சொன்னேனா, கத்தினேனா தெரியாது. "அக்கா பையன் அப்படிச் சொல்லலை," என்றார். சனிக்கிழமை அவர் மட்டும் ஹாஸ்டலுக்குப் போய், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். மகள் வார்டனின் போனில் கூப்பிட்டு, "காய்ச்சல்னா மாத்திரை போட்டுட்டுப் படுக்க வேண்டியதுதானே, நான் வந்தா என்னம்மா? நான் என்ன உன் மேலயா ஏறி உக்காரப் போறேன்?" என்று கேட்டாள். அடுத்த மாதம் வா என்று சொல்லிப் போனை வைத்தேன். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இனப்பெருக்க மண்டலம் ஒரு பாடம் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக அந்தப் பாடம் வரும்போது படத்தை மட்டும் வரையச் சொல்லிவிட்டு, மற்றதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் யார் சொல்லித் தருவார்கள் என்று நினைத்தேன்? இதோ, இந்த வீட்டிலா?

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவர், நங்கையா, மருந்துக்கடைக்காரன். என்னையும் உட்காரச் சொன்னார்கள், கொஞ்சம் தள்ளி. அவன் யோசித்துத்தான் வந்திருந்தான்.

"அத்தை, இப்போதைக்கு எங்கயும் போக வேண்டாமுங்க. ஒரு மூணு மாசம் கழிச்சு வேற லேப்ல குடுத்துப் பாக்கலாம். முகாம்ல எடுக்கறதெல்லாம் தப்பாவும் வரும். அதுக்குள்ள நம்ம ஆளுக காதுல விழுந்துருச்சுன்னா..."

"விழுந்தாச்சு," என்றேன். "முட்டை அடுக்கறவங்க காதுலயே விழுந்தாச்சு."

"அது வேற. சேலத்துல போயி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறது வேற," என்றார் நங்கையா. "பாப்பாவுக்கு இன்னும் ஏழெட்டு வருசத்துல மாப்பிள்ளை பாக்கணும். அம்மாக்காரிக்கு அந்த நோவு இருந்துச்சாமான்னு எவளாச்சும் சொன்னா, எவன் வருவான்?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பேசுவார் என்று இன்னும் எனக்குள் ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்தது. கோழிக்குஞ்சு இறக்கிய முதல் வாரத்திலேயே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணில் தடுப்புமருந்துச் சொட்டு விடுகிறவர். வெள்ளைக்கழிச்சல் என்ற கோழிநோய்க்கு எந்த நாளில் எந்த மருந்து என்று சுவரில் எழுதி வைத்து, ஒரு நாள் தள்ளிப் போட்டதற்காக ஒரு மேற்பார்வையாளரை வேலையைவிட்டே அனுப்பியவர். நோய் வந்தபிறகு போட்டால் அது மருந்தை மண்ணில் ஊற்றுகிற மாதிரி என்று என் பள்ளிப் பிள்ளைகள் பண்ணையைப் பார்க்க வந்தபோது அரைமணி நேரம் விளக்கியவர்.

"ஏனுங்க," என்றேன். "ஷெட்டுல ஒரு கோழி தூங்கி விழுந்தா மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னு விடுவீங்களா?"

அவருக்குப் பதிலாக மருந்துக்கடைக்காரன் சிரித்தான். "கோழி வேறயுங்க அத்தை."

"ஆமா சாமி, கோழி வேறதான். கோழிக்கு அன்னிக்கே டாக்டர் வந்துருவாரு."

நங்கையா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "படிச்சவகிட்ட வாய் குடுக்க முடியுமா?" என்றார். அத்தோடு கூட்டம் முடிந்தது. மூன்று மாதம் என்பது முடிவாகிவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அவரிடம் காலையில் காபி கொடுக்கும்போது சொன்னேன். "சேலம் போறேனுங்க. டாக்டரைப் பாக்க." அவர் டம்ளரை வாங்கினார். நான் நாமக்கல்லில் பஸ் ஏறினேன். ராசிபுரத்தில் அந்த மருந்துக்கடை இருக்கும் பக்கம் திரும்பவில்லை. சேலத்தில் இறங்கி ஆட்டோவில் அஸ்தம்பட்டி.

அந்த மருத்துவருக்கு என் வயதுதான் இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "பயந்துட்டீங்களா?" என்பது. ஆறு நாளில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நான் அழுதேன். அவர் காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"இது ரொம்ப சாதாரணமான வைரஸும்மா. கல்யாண வாழ்க்கைன்னு ஒண்ணு இருக்கற பெரும்பாலானவங்களுக்கு ஏதோ ஒரு சமயத்துல வந்துட்டுப் போகுது, ஆம்பளை பொம்பளை ரெண்டு பேருக்கும். நிறைய பேருக்கு உடம்பே அதைத் துரத்திடும். சிலருக்கு மட்டும் போகாம அங்கேயே வருஷக்கணக்கா உக்காந்துக்கும். அப்படி உக்காந்தா, கருப்பைவாய்ல செல்கள் கொஞ்சம் கொஞ்சமா மாறும். அது புற்றுநோயா ஆக இன்னும் பல வருஷம் ஆகும். அந்தப் பல வருஷம்தான் நமக்குக் கிடைச்ச நேரம். அதுல கண்டுபிடிச்சுட்டா எடுத்துடலாம்."

"எப்ப வந்துச்சுன்னு சொல்ல முடியுமாங்க? யார்கிட்ட இருந்துன்னு..."

"முடியாது. போன வருஷம் வந்ததா, இருபது வருஷத்துக்கு முன்னாடி வந்து தூங்கிட்டு இருந்ததான்னு எந்த லேப்லயும் சொல்ல முடியாது. இதை வெச்சு உங்களையும் ஒண்ணும் சொல்ல முடியாது, அவரையும் ஒண்ணும் சொல்ல முடியாது. பதில் இல்லாத கேள்விக்காக எத்தனை பேர் இங்க வராமயே இருந்துடறாங்க தெரியுமா?"

பிறகு பார்த்தார். ஒரு திரவத்தைத் தடவிவிட்டு, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்தார். எதிரில் சின்னத் திரையில் என் உடம்பின் அந்த இடத்தை, நாற்பத்தாறு வயதில், நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. அதிலிருந்து துளியூண்டு சதை எடுத்தார். சுருக்கென்றது, அவ்வளவுதான். "பார்க்கப் புற்றுநோய் மாதிரி இல்லை. ஆரம்ப மாற்றம். சோதனைக்கு அனுப்பறேன். அதுதான்னு வந்தா அந்த இடத்தை மட்டும் எடுத்துடலாம், சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம். நாலஞ்சு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா வேற பேச்சு." பத்து நாள் கழித்து வந்த முடிவும் அதையே சொன்னது. எடுத்தாயிற்று. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

"பொண்ணு இருக்கா?" என்று அன்றே கேட்டார். பதினாலு வயது என்றேன். "அப்ப கூட்டிட்டு வாங்க. அவளுக்குத் தடுப்பூசி போடறதுக்கு இதுதான் சரியான வயசு. வைரஸ் வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் முழுப் பலன். வந்ததை அது விரட்டாது." மண்ணில் ஊற்றுகிற மருந்து என்று என் கணவர் சொன்னது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. இந்த ஊரில் ஒரு முட்டைக்கோழிக்கு எத்தனை தடுப்பூசி என்று கேட்டால் டீக்கடையில் நிற்பவர்கூடச் சொல்லிவிடுவார். என் மகளுக்கு ஒன்று இருக்கிறது என்று அறிவியல் சொல்லித் தரும் எனக்கே ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அந்த மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மகளுக்கு ஊசியைப் பிறகு போட்டாயிற்று. அதற்கு வீட்டில் நடந்த சண்டை தனி.

அன்று அறையைவிட்டு வெளியே வந்ததும் தலை சுற்றுகிறது என்றேன், நர்ஸ் உட்காரச் சொன்னார். "லேசா ரத்தம் படும், பயப்படாதீங்க. கூட யாரு வந்திருக்காங்க?"

"யாருமில்லைங்க."

"தலை சுத்துதுன்னு சொன்னீங்களே, தனியா பஸ்ல அனுப்ப மாட்டோம். வீட்டுக்குப் போன் பண்ணுங்க."

பண்ணினேன். பின்னணியில் முட்டை அட்டைகள் உரசும் சத்தம் கேட்டது. வரச் சொல்கிறார்கள் என்றேன். "பாக்கறேன்," என்றார். போன் நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் இரண்டு கர்ப்பிணிகளுக்குக் கணவர்கள் இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் ஆத்திரத்தை நான் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்தேன். அவர் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் முதல் வாக்கியம் என்ன, இரண்டாவது என்ன என்று. சிவப்புக் கயிறு கட்டின வாளியைப் பற்றி, சுண்ணாம்புக் கோட்டைப் பற்றி, மகளிடம் சொன்ன காய்ச்சலைப் பற்றி.

கதவைத் திறந்து வந்தது நங்கையா. தனியாக, பஸ்ஸில் வந்திருந்தார். கையில் மஞ்சள் பை. நான் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார், தள்ளி உட்காரவில்லை.

"அவன் போன் பண்ணிச் சொன்னான். லோடு ஏத்தறான், வர மாட்டான்," என்றார்.

"நீங்களும் வந்திருக்க வேண்டாமுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா ஆளுக பாப்பாங்கல்ல?"

"பேசு, பேசு. பேச வேண்டியவதான்." பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் டாக்டரின் அறைக் கதவையே பார்த்தார்.

"இந்த டாக்டரம்மா அதட்டுவாங்களா?"

"இல்லைங்க."

"வலிச்சுதா?"

"கொஞ்சம்."

நர்ஸ் எங்களைக் கடந்து உள்ளே போகும்வரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், உதடு மட்டும் அசைகிற மாதிரி சொன்னார்:

"எனக்கு மாசத் தூரம் நின்னு ஏழு வருசமாச்சு அம்மிணி. ஆடியில இருந்து மறுபடியும் ரத்தம் படுது. துணி வெச்சுக்கிட்டுத்தான் அன்னிக்கு உன்ற ஊட்டுல உக்காந்திருந்தேன். உள்ளாற கேட்டு என்ற பேரையும் எழுதச் சொல்லு. என்ற மவனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."